மணக்கும் ஜெஸ்னேரியாட் செடிகள்: சேலம் மாடியிலும் ஏற்காட்டிலும் வளர்ப்பவர்கள் சொல்வது

அஸ்தம்பட்டி:
நர்சரியில் குளோக்சினியா என்று விற்கும் வெல்வெட் பூவில் வாசனையை எதிர்பார்க்காதீங்க. ரெண்டும் ஒரே ஜெஸ்னேரியாட் குடும்பம்தான், ஆப்பிரிக்கன் வயலெட்டும் அப்படித்தான். சேலம் வெயிலைத் தாங்கி மணக்கணும்னா சின்னிங்கியா டியூபிஃப்ளோராதான் என் முதல் சிபாரிசு. அர்ஜென்டினா, பராகுவே பக்கத்துச் செடி. நீளக் குழலாக வெள்ளைப் பூ.

கழுவின தென்னை நார்த்தூள் 2 பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைக் கல் துகள்) 1 பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. 8 இஞ்ச் தொட்டியில் கிழங்கை 2 செ.மீ. ஆழத்தில் வைத்தால் போதும். நார்த்தூளை மூணு தண்ணியில் ஊறவைத்துப் பிழியணும். உப்பு தங்கினால் இலை ஓரம் கருகும். காலை வெயில் நாலு மணி நேரமாவது படணும், மதியத்துக்கு 50 சதவீத நிழல் வலை. முழு நிழலில் இலைதான் தழைக்கும், பூ வராது.

சூரமங்கலம்:
அக்கா சொன்ன கலவை சரி, ஆனா நம்ம ஊரில் செடியைக் கெடுக்கிறது தண்ணிதான். சுண்ணாம்புக் கரட்டுப் பக்கம் மேக்னசைட் பாறை. போர்த் தண்ணி உப்பு கரைந்த கடின நீர். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். அப்புறம் புது இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தன்மையால் வேருக்குக் கிடைக்காததுதான் காரணம். உரத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். மழைத் தண்ணி பிடித்து வைத்து ஊற்றுங்க. அவசரத்துக்கு ஈ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு (காரமண்ணிலும் வேருக்குக் கிடைக்கிற கீலேட் இரும்பு உரம்), லிட்டருக்கு அரை கிராம், வேரில் மட்டும். ஈ.டி.டி.ஏ. வகை காரமண்ணில் நிலைக்காது, காசு வீண்.

ஏற்காடு:
இங்கே 1,500 மீட்டர் உயரக் குளிருக்கு வேற பட்டியல். பிரேசிலின் சின்னிங்கியா கான்ஸ்பிகுவா, மஞ்சள் பூ, லேசான எலுமிச்சை வாசம். தென்னாப்பிரிக்காவின் ஸ்ட்ரெப்டோகார்பஸ் கேண்டிடஸ், தேன் வாசம். இது ரெண்டையும் சேலத்துச் சித்திரை வெயிலில் வைத்துப் பார்க்கவே வேண்டாம், மொட்டிலேயே கருகும்.

ஸ்ட்ரெப்டோகார்பஸ் இலையை நடு நரம்பை ஒட்டி நீளவாக்கில் ரெண்டாக வெட்டி நரம்பை எடுத்துடுங்க. வெட்டின விளிம்பு ஈரக் கலவையில் அரை செ.மீ. புதையட்டும். சில வாரத்தில் விளிம்பு நெடுக, பக்க நரம்பு முடியும் இடமெல்லாம் குட்டிக் குட்டியாக முளைக்கும். மூடி போட்டிருந்தால் தினம் ஒருமுறை திறந்து காற்று விடுங்க. மூடுபனி மாசத்தில் இலைமேல் ஈரம் நின்றால் சாம்பல் பூசணம் பிடிக்கும். உதிர்ந்த பூவை அன்னன்னைக்கே பொறுக்கணும். எஸ்டேட் இலைமக்கு போடுறவங்க கொதிநீர் ஊற்றி ஆறவிட்டுச் சேருங்க, நத்தை முட்டை அதில்தான் வரும்.

அழகாபுரம்:
டியூபிஃப்ளோரா தொட்டி நிறைஞ்சு பூ குறைஞ்சால் என்ன செய்யறது அக்கா?

அஸ்தம்பட்டி:
கவிழ்த்துப் பாரு தம்பி. மெல்லிய தண்டுக் கொடியில் கோர்த்த மாதிரி கிழங்கு, கோலிகுண்டு அளவிலிருந்து சின்ன உருளைக்கிழங்கு வரைக்கும் இருக்கும். மற்ற சின்னிங்கியா பெரும்பாலும் ஒரே கிழங்கு, இது இப்படிப் பெருகும். தண்டு காய்ந்து உறங்கும்போது பிரி. வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் வேர் மாவுப்பூச்சி. பிரஷால் தேய்த்துக் கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்தி, தொட்டிக்கு மூணு கிழங்கு வை. தளிர் தெரியும்வரை கலவை லேசாக நனைந்திருக்கிற அளவு ஈரம் போதும். உறங்குற கிழங்குக்குத் தாராளமாக ஊற்றினால் அழுகிடும்.