ரெசிடென்சியில் ப்ரொபேஷன் கடிதம்: கையெழுத்துப் போட்டுவிட்டு உழைப்பதா, எதிர்த்துக் கேட்பதா?

வார்டு_வாசி

சிங்கப்பூரில் உள்மருத்துவத்தில் ரெசிடென்ட்டாக (சிறப்பு நிபுணராகப் பயிற்சி பெறும் டாக்டர்) இருக்கிறேன். போன வாரம் பி.டி. (பயிற்சித் திட்ட இயக்குநர்) கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். அடுத்த அரையாண்டு மதிப்பீடு வரை ப்ரொபேஷன், அதாவது குறைகளைத் திருத்திக்கொள்ளக் கண்காணிப்பில் வைக்கும் காலம். மூன்று காரணங்கள் எழுதியிருக்கின்றன. இரவுப் பணியில் ஒரே நேரத்தில் பல வார்டுகளிலிருந்து அழைப்பு வரும்போது யாரை முதலில் பார்ப்பது என்பதில் தாமதம். டிஸ்சார்ஜ் சம்மரி (வீடு திரும்பும் நோயாளிக்கான சிகிச்சைச் சுருக்கம்) தேங்குவது. மூன்றாவது, 'தொழில்நெறி குறித்த கவலைகள்'. அவ்வளவுதான், ஒரே வரி. எந்த நாள், எந்த வார்டு, என்ன நடந்தது, ஒன்றும் இல்லை.

முதல் இரண்டையும் வைத்து வேலை செய்ய முடியும். மூன்றாவதுதான் தூங்கவிடவில்லை. எந்த கன்சல்டன்ட்டை (மூத்த நிபுணரை) பார்த்தாலும் இவர்தான் சொல்லியிருப்பாரோ என்று மனம் ஓடுகிறது. ரவுண்ட்ஸில் தெரிந்த பதிலைச் சொல்லவே நா எழவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உழைப்பதா, எதிர்த்துக் கேட்பதா? எம்.ஆர்.சி.பி. என்ற பிரிட்டிஷ் உள்மருத்துவத் தகுதித் தேர்வின் செய்முறைப் பகுதியான பேசிஸுக்கும் பதிந்திருக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். அம்மா என்னை 'எங்க வீட்டு டாக்டர்' என்று அறிமுகப்படுத்துவார். அதை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

தெம்பனிஸ்_மூத்தவர்

பயிற்சி கொடுக்கும் பக்கத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். கையெழுத்துப் போடுங்கள், தங்கையே.

2010க்கு முன் இங்கே பிரிட்டிஷ் பாணிப் பயிற்சி. சரியில்லை என்று மூத்தவர்கள் நினைத்தால் கடிதம் எல்லாம் வராது. அடுத்த கட்டத்துக்கு உங்கள் பெயர் வராது, அவ்வளவுதான். ஏன் என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். டாக்டர் பயிற்சிக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்க ஏ.சி.ஜி.எம்.இ. அமைப்பின் முறையைத் தழுவி ரெசிடென்சி வந்த பிறகுதான் நோயாளிப் பராமரிப்பு, மருத்துவ அறிவு, தொழில்நெறி என்று ஆறு திறன்களாகப் பிரித்து, அரையாண்டுக்கு ஒருமுறை ஒரு குழு உட்கார்ந்து ஒவ்வொருவரையும் பார்க்கிறது. ஒரு தனி மனிதரின் கோபத்தில் ப்ரொபேஷன் வராது. பல பேர் எழுதிய மதிப்பீடுகள் ஒரே திசையைக் காட்டினால்தான் வரும்.

இந்தக் கடிதத்தோடு உங்களுக்குக் கூடுதல் மேற்பார்வை வரும், ஒரு வழிகாட்டி வருவார். அதை வைத்து மேலே வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் சிலர் இன்று கன்சல்டன்ட்கள். சண்டையில் செலவழிக்கிற நேரத்தைப் படுக்கைப் பக்கத்தில் செலவழியுங்கள்.

பக்கத்து_கிளினிக்

தெம்பனிஸ் ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். நான் ரெசிடென்சியைப் பாதியில் விட்டு வந்தவன், இப்போது வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருக்கிறேன்.

உதாரணமே இல்லாத குற்றச்சாட்டை எப்படித் திருத்துவது? 'சம்மரி தேங்குகிறது' என்றால் 24 மணி நேரத்துக்குள் முடிக்கலாம், முடித்ததை எண்ணிக் காட்டலாம். 'தொழில்நெறி குறித்த கவலைகள்' என்றால் எதை எண்ணிக் காட்டுவது? ஆறு மாதம் கழித்து 'கவலை இன்னும் இருக்கிறது' என்று ஒரு வரி எழுதினால் எந்தப் பதிலும் நிற்காது.

இன்னொரு விஷயம். ஏ.சி.ஜி.எம்.இ. விதிகளில் இடைநீக்கம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமை, அடுத்த ஆண்டுக்கு உயர்த்தாமை, நீக்கம் ஆகிய நான்குக்கும் முறையான விசாரணை வழி இருக்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். ப்ரொபேஷன் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் அந்த நான்கில் ஒன்று வரும்வரை காத்திருக்கக் கூடாது. உங்கள் மருத்துவமனையின் ரெசிடென்ட் கையேட்டை வாங்கி வரி வரியாகப் படியுங்கள். இந்தக் கட்டத்திலேயே மேல்முறையீட்டுக்கு அதில் வழி இருக்கலாம். கையெழுத்துக்குக் கீழே 'பெற்றுக்கொண்டேன், மூன்றாவது காரணத்துக்கு எழுத்துமூல விளக்கம் கோருகிறேன்' என்று எழுதுங்கள். தேதி போடுங்கள். ஒரு நகல் வாங்குங்கள்.

தெம்பனிஸ்_மூத்தவர்

விளக்கம் கேட்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கையெழுத்துக்குக் கீழே வாசகம் எழுதுவதை வழக்கறிஞர் நோட்டீஸ் போலத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். அதே பி.டி.தான் நாளைக்கு இவருக்குப் பரிந்துரைக் கடிதம் தர வேண்டியவர். நேரில் போய்க் கேட்டால் கிடைக்கும் பதில் காகிதத்தில் கிடைக்காது.

பக்கத்து_கிளினிக்

நேரில் கேட்டது மறந்துபோகும். கேட்டவருக்கு இல்லை, சொன்னவருக்கு. நேரில் கேட்கட்டும், அன்று மாலையே 'நாம் பேசியது இது' என்று மின்னஞ்சல் அனுப்பட்டும். அதில் என்ன அவமரியாதை?

இரவுத்_தாதி

இருபது வருடத்துக்கும் மேலாக வார்டில் இருக்கிறேன். இரண்டு டாக்டர்களும் கடிதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் நோயாளி பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு எங்களுக்குப் பயம் தருவது மெதுவான டாக்டர் இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டு ரெஜிஸ்ட்ராரை (பணியில் இருக்கும் மூத்த டாக்டரை) கூப்பிடத் தயங்குகிற டாக்டர். ப்ரொபேஷன் வந்த பிறகு பலர் அப்படித்தான் ஆகிறார்கள். கூப்பிட்டால் 'இதுகூடத் தெரியவில்லை' என்று எழுதிவிடுவார்களோ என்று பயந்து, கூப்பிட வேண்டிய நேரத்தில் கூப்பிடுவதில்லை. வார்டு_வாசி, வாய் திறக்கப் பயம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடம்தான் எனக்குக் கவலை. பயம் அடங்கும்வரை காத்திருக்காமல், கூப்பிடும் முறையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு எஸ்.பி.ஏ.ஆர். முறை சொல்லித் தந்திருக்கிறார்கள்: இப்போது நிலைமை என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, என்ன செய்ய வேண்டும் என்கிறேன். டாக்டர்களும் அதையே பிடித்துக்கொள்ளலாம். 'படுக்கை 12, ரத்த அழுத்தம் 85க்கு இறங்கியிருக்கிறது, நேற்று நிமோனியாவோடு வந்தவர், செப்சிஸ் (தொற்று உடம்பு முழுதையும் பாதிப்பது) என்று நினைக்கிறேன், நீங்கள் வந்து பார்க்க வேண்டும்' என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். இரவில் அழைப்புகள் குவியும்போது போனை எடுத்த தாதியிடமே மூச்சு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், நினைவு எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். யாரை முதலில் பார்ப்பது என்பதை அந்த எண்களே பாதி சொல்லிவிடும். எங்களிடம் கேட்பதில் வெட்கமே வேண்டாம். நாங்கள் உங்கள் கட்சி.

ஜூரோங்_ரெசி

தாதி அக்கா சொன்னதைச் சேமித்து வைத்துக்கொண்டேன். நானும் ரெசிடென்ட்தான், வேறு துறை.

ஆனால் எல்லாப் பழியையும் தனி ஆளின் தலையில் வைக்கிற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. 1984இல் நியூயார்க்கில் லிபி சியான் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்தார். அவரைப் பார்த்தவர்கள் நீண்ட பணியில் இருந்த இளம் ரெசிடென்ட்கள். அதன் பிறகுதான் அந்த மாநிலத்தில் வாரத்துக்கு 80 மணி நேர வரம்பு வந்தது. 2003இல் அமெரிக்கா முழுதும் பரவி, ரெசிடென்சி முறையோடு இங்கேயும் வந்து சேர்ந்தது. நான்கு வாரச் சராசரிதான் 80 என்பதால், ஒரு வாரம் அதைத் தாண்டினாலும் விதி மீறவில்லை.

1997இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு: 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம் ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவருக்குச் சமம், 24 மணி நேரமானால் சுமார் 0.10. சிங்கப்பூரில் வண்டி ஓட்டச் சட்டம் தடுப்பது 0.08இல். அந்த நிலையில் இருக்கிறவரின் 'தாமதமான முடிவை' அவருடைய குறை என்று மட்டும் எழுதினால் அது நேர்மையான மதிப்பீடு ஆகுமா?

தெம்பனிஸ்_மூத்தவர்

லிபி சியான் வழக்கை நன்றாகக் கொண்டுவந்தீர்கள், ஆனால் பாதியோடு விட்டுவிட்டீர்கள். அதை ஆராய்ந்த குழு நேரத்தோடு சேர்த்து இன்னொன்றையும் வலியுறுத்தியது: மூத்தவர்களின் மேற்பார்வை போதாது. அந்த மேற்பார்வையைத்தான் ப்ரொபேஷன் கூட்டுகிறது. ஒரே பணிப் பட்டியலில், அதே களைப்போடு வேலை செய்யும் மற்ற ரெசிடென்ட்களுக்கு இந்தக் கடிதம் வரவில்லை என்பதையும் யோசியுங்கள்.

ஜூரோங்_ரெசி

ஐயா, களைப்பு எல்லா உடம்பிலும் ஒரே மாதிரி இறங்காது. ரத்தச்சோகை, தைராய்டு, மனச்சோர்வு, குழந்தை இருக்கிற வீடு என்று எத்தனையோ இருக்கும். 'ஏன் இவருக்கு மட்டும்' என்று கேட்பது சரிதான். பதிலைத் தேடிப் பார்க்காமல் கடிதம் கொடுப்பதைத்தான் குறை சொல்கிறேன்.

வார்டு_வாசி, உங்கள் மருத்துவமனைக்கு வெளியே ஒரு டாக்டரிடம் போய் உடம்பைக் காட்டுங்கள். நம்மை நாமே பார்த்துக்கொள்கிற பழக்கம் நம் தொழிலின் சாபம். இருட்டான எண்ணம் ஏதாவது வந்தால் 1767ஐக் கூப்பிடுங்கள், தற்கொலைத் தடுப்புக்கான எஸ்.ஓ.எஸ். அமைப்பின் எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். டாக்டர் என்று சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

பாசிர்_ரிஸ்_அம்மா

நான் டாக்டர் இல்ல, என் பொண்ணு டாக்டர். வீட்ல சொல்லும்மா. அம்மாகிட்ட மட்டுமாவது சொல்லு. எங்களுக்கு வருத்தமா இருக்கும், அது உண்மை. ஆனா பிள்ளை சாப்பிடாம, பேசாம, ரூம் கதவைச் சாத்திக்கிட்டு இருந்தா காரணம் தெரியாம நாங்க படுற பாடு அதைவிடப் பெருசு. சொந்தக்காரங்களுக்குச் சொல்லணும்னு யாரும் சொல்லல. அவங்களைச் சமாளிக்கிறது அம்மா வேலை, அதை அம்மாகிட்ட விட்டுடு.

பக்கத்து_கிளினிக்

அம்மா சொல்வதில் அன்பு இருக்கிறது. ஆனால் எல்லா வீடும் உங்கள் வீடு இல்லை. 'இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வைத்தோமே' என்று தினமும் கேட்கிற வீடுகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் இப்போதே சொல்வது இன்னொரு மேலதிகாரியைச் சேர்த்துக்கொள்வதாகத்தான் முடியும். யாரிடம் சொன்னால் இரவில் தூக்கம் வரும் என்று பார்த்து ஒருவரிடம் சொல்லுங்கள். அது அம்மாவாக இருந்தால் நல்லது, அக்காவாகவோ தோழியாகவோ இருந்தாலும் போதும்.

இன்னொன்று. அமெரிக்க டாக்டர்கள் எழுதுவதைப் படித்துப் பயப்படாதீர்கள். அங்கே ரெசிடென்சியை முடிக்காவிட்டால் சொந்தமாகத் தொழில் செய்வதே பெரும்பாடு, பல மாநிலங்களின் உரிமப் படிவம் 'ப்ரொபேஷனில் இருந்தீர்களா' என்று நேரடியாகக் கேட்கும். இங்கே ஹவுஸ்மன் ஆண்டை (படிப்பு முடிந்த முதல் பயிற்சி ஆண்டை) முடித்து முழுப் பதிவு பெற்றிருந்தால் நீங்கள் டாக்டர்தான். எம்.ஓ.வாக (மருத்துவமனை மருத்துவ அதிகாரியாக) தொடரலாம், குடும்ப மருத்துவப் பட்டயம் படிக்கலாம். 2023இல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்.ஜி. திட்டமே குடும்ப மருத்துவரை நம்பித்தான் நிற்கிறது. பாண்டு (அரசுப் பணியில் இருக்க வேண்டிய ஒப்பந்த ஆண்டுகள்) மீதியிருந்தால் மட்டும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெம்பனிஸ்_மூத்தவர்

கதவு திறந்திருக்கிறது என்று சொல்வது சரி. கடிதம் வந்த வாரத்திலேயே அந்தக் கதவைக் காட்டுவது சரியில்லை. பின்னாளில் வெளிநாட்டில் மேற்பயிற்சிக்கு விண்ணப்பித்தால் இந்தக் கேள்வி வரலாம். வந்தால் மறைக்காமல் எழுத வேண்டும். 'இருந்தேன், முடித்தேன்' என்று எழுத முடிந்தவரின் நிலைமை 'இருந்தேன், விட்டுவிட்டேன்' என்பவரின் நிலைமையைவிட நல்லது.

வார்டு_வாசி

எல்லாருக்கும் நன்றி. நேற்று பி.டி.யைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன், வாசகம் எழுதவில்லை, ஆனால் மூன்றாவதற்கு உதாரணம் கேட்டேன். ஓர் இரவு ஹேண்டோவருக்கு (பணியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் கூட்டத்துக்கு) நான் வரவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறாராம். அந்த நேரம் நான் வேறு வார்டில் இதயம் நின்றுபோன நோயாளியோடு இருந்தேன். அது கேஸ் குறிப்பில் நேரத்தோடு பதிவாகியிருக்கிறது. அவர் கேட்டுக்கொண்டார், 'குழுவிடம் சொல்கிறேன்' என்றார். கடிதத்தை மாற்றுவதாகச் சொல்லவில்லை. மாலையில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.

வாரத்துக்கு ஒரு கன்சல்டன்ட் என்னை நேரில் பார்த்து மதிப்பிட்டு அன்றே எழுதித் தர வேண்டும் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தம்பியிடம் சொன்னேன்.

பேசிஸைத் தள்ளிப்போடலாமா என்பது மட்டும் பாக்கி.

பக்கத்து_கிளினிக்

மின்னஞ்சல் அனுப்பியது நல்ல காரியம். நோயாளி பெயரோ அடையாள அட்டை எண்ணோ அதில் இல்லையே? உங்கள் சொந்தக் குறிப்பிலும் அவை வேண்டாம், அது புதிய குற்றச்சாட்டாகிவிடும்.

பேசிஸைத் தள்ளிப்போடுங்கள். எம்.ஆர்.சி.பி. முதல் பாகத்தில் தேறியது 7 வருடம் செல்லும். இரண்டு நெருப்பை ஒரே நேரத்தில் அணைக்க வேண்டாம்.

தெம்பனிஸ்_மூத்தவர்

சீனியர் ரெசிடென்சிக்குப் போக அந்தத் தேர்வு வேண்டும், அதனால் நான் எழுதச் சொல்வேன். பேசிஸ் கேட்பது நோயாளியைப் பரிசோதிப்பதும் பேசுவதும்தான். வாராந்திர மதிப்பீட்டுக்கு நீங்கள் தயாராவதும் அதற்காகத்தான். இரண்டுக்கும் உழைப்பு ஒன்றே.

இரவுத்_தாதி

உடம்பைக் காட்டினீர்களா? அதை யாரும் கேட்கவில்லையே. ரத்தப் பரிசோதனை வரட்டும், தேர்வைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

வார்டு_வாசி

இல்லை அக்கா, இன்னும் இல்லை. வெள்ளிக்கிழமை பாலிகிளினிக்கில் நேரம் வாங்கியிருக்கிறேன். தேர்வை அதற்குப் பிறகு முடிவு செய்கிறேன்.