உபுண்டு சர்வர் அப்டேட் பாதியில் நிற்கிறது, ரீபூட் போடலாமா?

கேள்வி

வணக்கம். உபுண்டு 22.04 ஓடும் ஒரு சர்வரில் மூன்று நாளாக அப்கிரேட் முடியவே மாட்டேன் என்கிறது. பேக்கேஜ்கள் ஒழுங்காக இறங்குகின்றன, பிரிகின்றன, ஆனால் கடைசியில் டிபிகேஜி (பேக்கேஜ்களை நிறுவும் கருவி) எரர் கோட் 1 என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு வெளியே வந்துவிடுகிறது. திரும்ப ஓட்டினாலும் அதே வரிதான். நேற்று வேறு, பூட்டுக் கோப்பை (லாக் ஃபைல்) இன்னொரு புராசஸ் பிடித்திருக்கிறது என்றது, இணையத்தில் தேடியபோது அந்தக் கோப்பை அழித்துவிடச் சொல்லியிருந்தார்கள், அழித்தேன், பலன் இல்லை. டிஸ்க்கில் இடம் தாராளமாக இருக்கிறது, ரூட்டில் (முதன்மைப் பார்ட்டிஷனில்) 60 ஜிபி காலி. இதில் டேட்டாபேஸ் ஓடுகிறது, 140 நாளாக ரீபூட் ஆகவில்லை. ஒரு ரீபூட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கூட வேலை செய்பவர். போடலாமா?

பதில் 1

தயவுசெய்து இப்போது ரீபூட் போடாதீர்கள். புது கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பாதி நிறுவிய நிலையில் நிற்கிறது என்றால், ரீபூட் ஆனதும் கிரப் (கெர்னலைத் தொடங்கிவைக்கும் நிரல்) அதைத்தான் முதலில் எடுக்கப் பார்க்கும். அதற்கான இனிட்ஆர்டி கோப்பு (ரூட் டிஸ்க்கை மவுண்ட் செய்யக் கெர்னலுக்குத் தேவையான தொடக்கக் கோப்பு) உருவாகியிருக்காவிட்டால் ரூட் டிஸ்க்கையே மவுண்ட் செய்ய முடியாமல் கெர்னல் பேனிக்கில் போய் உட்கார்ந்துவிடும். இப்போது மெமரியில் ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னல், அதனால்தான் உங்கள் டேட்டாபேஸ் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது.

அப்புறம், எரர் கோட் 1 என்பது வெறும் முடிவுச் செய்தி. காரணம் அதற்கு முப்பது நாற்பது வரி மேலே இருக்கும். /வார்/லாக்/ஆப்ட் அடைவில் டெர்ம் லாக் என்ற கோப்பைத் திறந்து, கடைசியாக ஓட்டிய அப்கிரேட் தொடங்கும் இடத்திலிருந்து கீழே படித்துக்கொண்டே வாருங்கள். முதலில் வரும் எரர் எதுவோ அதை இங்கே போடுங்கள். கூடவே டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் -எச் கட்டளையின் முழு வெளியீடும் வேண்டும், ரூட் வரி மட்டும் போதாது.

கேட்டவர்

பார்த்தேன். இனிட்ஆர்டி கோப்பை உருவாக்கும்போது இசட்ஸ்டிடி (கோப்பைச் சுருக்கும் கருவி) 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்கிறது. டிஎஃப் வெளியீட்டில் /பூட் (கெர்னல்கள் இருக்கும் அடைவு) தனிப் பார்ட்டிஷன், 500 எம்பி, 100 சதவீதம் நிறைந்திருக்கிறது. அந்த வரியை நான் கவனிக்கவே இல்லை. உள்ளே 5.15.0 வரிசையில் 91, 94, 97, 101 என்று நான்கு கெர்னல்கள் இருக்கின்றன. தேவையில்லாத பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ் கொடுத்தால் அதுவும் அதே எரரில் நிற்கிறது.

பதில் 1

இதேதான் சிக்கல். ஒவ்வொரு இனிட்ஆர்டியும் சுமார் 100 எம்பி வரும், அதோடு புதிதாக உருவாக்கும்போது முதலில் .நியூ என்ற தற்காலிகக் கோப்பாக எழுதி, முடிந்த பிறகுதான் பெயரை மாற்றும், ஆக பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் இருக்க இடம் வேண்டும். ஆட்டோரிமூவும் பாதியில் நிற்பதை முடித்துவிட்டுத்தான் நகரப் பார்க்கும் என்பதால் அங்கேயே விழுகிறது.

யூநேம் -ஆர் கொடுத்து எந்த கெர்னல் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். அது 94 என்று வைத்துக்கொண்டால் அதைத் தொடவே கூடாது. 91-இன் இனிட்ஆர்டி கோப்பை மட்டும் /பூட்டிலிருந்து, ரூட் பார்ட்டிஷனில் உள்ள /ரூட் அடைவுக்கு நகர்த்துங்கள். அழிக்க வேண்டாம், நகர்த்தினாலே இடம் கிடைத்துவிடும், ஏதாவது தப்பாகப் போனால் திருப்பி வைத்துக்கொள்ளலாம். பிறகு டிபிகேஜி கட்டளையை --கான்ஃபிகர் -ஏ கொடுத்து ஓட்டுங்கள், பாதியில் நின்றதெல்லாம் முடியும். அது சுத்தமாக முடிந்த பிறகு 91-இன் பேக்கேஜ்களை பர்ஜ் செய்யுங்கள் (முழுவதுமாக நீக்குங்கள்).

ரீபூட்டுக்கு முன் 101-இன் இனிட்ஆர்டி /பூட்டில் இருக்கிறதா, அளவு மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். சர்வரின் திரையை நேரடியாகப் பார்க்கும் கன்சோல் அணுகலும் கையில் இருக்கட்டும், எஸ்எஸ்எச் மட்டும் நம்பி ரீபூட் போட வேண்டாம்.

பதில் 2

பூட்டுக் கோப்பைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதை அழிக்கச் சொல்லும் யோசனை எல்லா இடத்திலும் கிடக்கிறது. அந்தக் கோப்பு எப்போதும் அங்கேதான் இருக்கும், அது இருப்பது பூட்டு ஆகாது. ஓடுகிற புராசஸ் அதைப் பிடித்திருப்பதுதான் பூட்டு, புராசஸ் செத்தால் தானாக விடுபட்டுவிடும். நேற்று உங்களுக்கு வந்தது பெரும்பாலும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் (தானாக அப்டேட் செய்யும் சேவை) பின்னால் ஓடிக்கொண்டிருந்ததால்தான். அந்த நேரத்தில் கோப்பை அழித்தால் இரண்டு புராசஸ்கள் ஒரே பேக்கேஜ் டேட்டாபேஸில் எழுத வாய்ப்பிருக்கிறது, அது கெட்டால் இதைவிடப் பெரிய வேலை. யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்து, முடியும்வரை காத்திருங்கள்.

நான்கு கெர்னல் சேர்ந்ததற்கும் காரணம் இருக்கும். யாராவது எண்ணோடு கெர்னல் பேக்கேஜை நேரடியாக நிறுவியிருந்தால் அது மேனுவல் என்று குறிக்கப்பட்டுவிடும், ஆட்டோரிமூவ் அதை எப்போதும் தொடாது. ஆப்ட்-மார்க் கட்டளையில் ஷோமேனுவல் கொடுத்துப் பாருங்கள், இருந்தால் ஆட்டோ என்று மாற்றுங்கள்.

பதில் 3

இதே எரர் வந்து டிஎஃப் -எச் இடம் இருப்பதாகக் காட்டினால் டிஎஃப் -ஐ கொடுத்து ஐநோடையும் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று செலவாகும் பதிவு) பாருங்கள். கெர்னல் ஹெடர் பேக்கேஜ்கள் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் குட்டிக் கோப்புகள் இருக்கும், சின்ன ரூட் பார்ட்டிஷனில் எம்பி மிச்சமிருக்கும்போதே ஐநோடு தீர்ந்துவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி. ஓடுவது 94-தான். 91-ஐ நகர்த்தியதும் கான்ஃபிகர் ஒரே ஓட்டத்தில் முடிந்தது. பதில் 2 சொன்னதுபோல் 91 மேனுவல் பட்டியலில் இருந்தது. பர்ஜ் செய்து, 101-இன் இனிட்ஆர்டி அளவைப் பார்த்துவிட்டு, கன்சோலைத் திறந்து வைத்து இரவு ரீபூட் போட்டேன். 101-இல் வந்துவிட்டது, டேட்டாபேஸும் எழுந்துவிட்டது. 97-ஐ ஆட்டோரிமூவ் எடுத்துவிட்டது. இப்போது 94-ஐயும் எடுத்துவிடலாமா?

பதில் 1

வேண்டாம், 94 இருக்கட்டும். 140 நாள் தடங்கலில்லாமல் ஓடிய கெர்னல் அது. 101-இல் ஏதாவது டிரைவர் தகராறு செய்தால் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போய் நீங்கள் எடுக்கப்போவது அதைத்தான். உங்கள் மானிட்டரிங்கில் ரூட்டுக்கு மட்டும் அலர்ட் வைத்திருந்தால் /பூட்டுக்கும் ஒன்று சேர்த்துவிடுங்கள், 70 சதவீதத்தில் அடிக்கட்டும்.