கிளெரிக் 3, விசார்ட் 3: ஃபயர்பால் உண்டா இல்லையா?

வணக்கம் மக்களே. பிரிக்ஃபீல்ட்ஸில் சனிக்கிழமை இரவுகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டு ஆடுகிறோம். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிப் புத்தகம். ஒரு விதியில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

தம்பி ஒருவனின் பாத்திரம் கிளெரிக் (பூசாரி) 3, விசார்ட் (மந்திரவாதி) 3, அதாவது இரண்டு கிளாஸிலும் மூன்றாம் லெவல். இரண்டையும் கூட்டி மல்டிகிளாஸ் (பல கிளாஸ் கலந்த பாத்திரத்துக்கான) அட்டவணையில் பார்த்தால், மூன்றாம் லெவல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) மூன்று வருகிறது. மூன்றாம் லெவல் மந்திரமான ஃபயர்பால் எழுதிய சுருள் ஒன்றும் கையில் சிக்கிவிட்டது. "ஸ்லாட் இருக்கும் லெவல் வரை மந்திரம் தயார் செய்யலாம்னு புத்தகத்துல விசார்ட் பகுதியிலேயே இருக்கு. 150 பொன் கொடுத்து என் மந்திரப் புத்தகத்துல எழுதிக்கிறேன்" என்கிறான். ஆட்டத்தை நடத்தும் டிஎம் அண்ணனோ மல்டிகிளாஸ் பகுதியைக் காட்டுகிறார்: ஒவ்வொரு கிளாஸுக்கும், அது ஒன்று மட்டுமே இருப்பதுபோல் தனித்தனியாகத்தான் மந்திரம் தயார் செய்ய வேண்டும். அப்படியென்றால் விசார்ட் 3-க்கு இரண்டாம் லெவல்தான் எல்லை. மூன்றாம் லெவல் ஸ்லாட்டில் மேஜிக் மிசைல் என்ற சின்ன மந்திரத்தைப் போட்டு ஐந்து அம்பு விடலாம், அவ்வளவுதான். அண்ணன் சொல்வதே சரி என்று எனக்குப் படுகிறது. ஆனால் தம்பி விடுகிற மாதிரி இல்லை. தே தாரிக் டீ ஆறியதுதான் மிச்சம்.

சுருளை இப்போதே எழுதி வைத்துக்கொண்டு, விசார்ட் 5 ஆனதும் தயார் செய்ய விடலாமா? உங்கள் மேசையில் எப்படி?

அப்புறம் இன்னொன்று. புதிதாக வருபவர் 2024 புத்தகத்தோடு வருகிறார், அவர் பாத்திரம் பாலடின் (மந்திரமும் தெரிந்த வீரன்) 5, சோர்சரர் (இன்னொரு மந்திரவாதி வகை) 4. மல்டிகிளாஸ் அட்டவணைக்குப் பாலடின் லெவலில் பாதியைத்தான் கூட்ட வேண்டும்; பழைய கணக்கில் அந்தப் பாதியைக் கீழே முழுமையாக்கினால் மொத்தம் 6. புதியதில் மேலே முழுமையாக்கி 7, அதாவது நான்காம் லெவல் ஸ்லாட் ஒன்று கூடுதல். இரண்டு புத்தகத்தையும் கலந்து ஆடுபவர்கள் எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள்? சனிக்கிழமைக்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.