மூணு மணி நேரத்தில் கால் மரத்துப்போகிறது: மான் வேட்டைக்கு உட்கார வசதியான கிளைம்பர் எது?

அல்ஃபரெட்டா_வில்:

வணக்கம். ஜார்ஜியாவில் வில் வேட்டை எனக்கு இது இரண்டாவது பருவம். ஓக்கோனி தேசியக் காட்டில், பொதுநிலத்தில்தான் போகிறேன். அங்கே மரத்தில் ஆணி அடிக்கவோ திருகுப்படி பொருத்தவோ கூடாது. அதனால் போன வருஷம் பழைய கிளைம்பர் ஒன்றை, அதாவது ஆணியில்லாமல் மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறி உட்காரும் ஸ்டாண்டை, 120 டாலருக்கு வாங்கினேன்.

பார்த்திராதவர்களுக்காக: மேல் பாதி இருக்கை, கீழ் பாதி கால் வைக்கும் தட்டு. இரண்டையும் தனித்தனிக் கேபிள் மரத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும். மேல் பாதியை உயர்த்தி அதில் உட்கார்ந்து, பாதத்தால் கீழ்த்தட்டை மேலே இழுத்து, அதன்மேல் எழுந்து நின்று மறுபடி மேல் பாதியை உயர்த்த வேண்டும். கம்பளிப்புழு ஏறுகிற மாதிரிதான். 20 அடி வரை ஏறுகிறேன்.

பிரச்சினை இதுதான். காலை ஆறரைக்கு உட்கார்ந்தால் ஒன்பது மணிக்குள் தொடைக்கு அடியில் மரத்துவிடுகிறது, வலது பாதத்தில் எறும்பு ஊறுகிறது. போன சனிக்கிழமை 9:40க்கு எட்டு முனைக் கொம்போடு ஒரு கடா, 25 கஜத்தில், வெள்ளை ஓக் மரத்தடியில் விதை பொறுக்கிக்கொண்டு நின்றது. எழுந்து நிற்கப் பார்த்தேன், வலது கால் என் கால் மாதிரியே இல்லை. தட்டு 'கிறீச்' என்றது. வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே பாய்ச்சல். அது போனது கூடப் பரவாயில்லை. இறங்கும்போது கால் வெடவெடவென்று நடுங்கியது. அதுதான் பயமாக இருக்கிறது. வீட்டில் சொன்னதும் "இனிமேல் போகாதே" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

உயரம் 6 அடி 1 அங்குலம், எடை 215 பவுண்டு. இப்போது இருப்பது வலை இருக்கை. பஞ்சு இருக்கை வாங்கினால் தீருமா? 400 டாலர் வரை செலவு செய்யலாம்.

தாளவாடிப் பக்கம் எங்கள் தாத்தா யானை வராமல் காக்க ராகிக் காட்டுப் பரணில் விடிய விடிய இருப்பார். காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு அகலம். நான் மூணு மணி நேரம் தாங்கமாட்டேன் என்கிறேன்.

பைன்காடு:

வணக்கம் ப்ரோ. நான் சம்மிட் கம்பெனியின் வைப்பர் என்கிற கிளைம்பர் வைத்திருக்கிறேன். 20 பவுண்டு எடை, 300 பவுண்டு தாங்கும். தடித்த பஞ்சு இருக்கை வாரில் தொங்கும், முதுகுக்கும் சாய்மானம் உண்டு. நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். 300 என்பது உங்கள் எடை மட்டும் இல்லை. குளிர் உடை, பூட்ஸ், பை, வில் எல்லாம் சேர்த்து. உங்களுக்கு 245 வரும், போதும். இன்னும் தாராளமாக வேண்டுமென்றால் அதே கம்பெனியின் கோலியாத், 350 தாங்கும்.

ஒன்று மட்டும், வைப்பருக்கு முன்னால் குறுக்குக் கம்பி இருக்கும். துப்பாக்கிக்காரர்களுக்கு அது சாய்த்து வைத்துச் சுட வசதி. வில்லுக்கு உட்கார்ந்தபடி இழுத்தால் கீழ்முனை அதில் இடிக்கும். நான் எழுந்து நின்றுதான் எய்வேன்.

மான்தடம்:

தம்பி, பணத்தை எடுப்பதற்கு முன் மூணு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. எந்த மரத்தில் ஏறினீங்க? மேலே போன பிறகு கால்தட்டு எந்தப் பக்கம் சாய்ஞ்சிருந்தது? உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே நிக்குதா, கீழேயா?

அல்ஃபரெட்டா_வில்:

அண்ணா, ஸ்வீட்கம் மரம். அடியில் 16 அங்குலம் இருக்கும், மேலே 11 தான். தட்டு சாய்ந்திருந்ததா என்று கவனிக்கவில்லை. ஆனால் தண்ணீர் பாட்டிலைக் காலடியில் வைத்தேன், உருண்டு முன்விளிம்புக் கம்பியில் போய் நின்றது. முழங்கால் மேலேதான் நிற்கிறது, கிட்டத்தட்ட குத்தவைத்த மாதிரி.

மான்தடம்:

அந்தப் பாட்டிலே பதில் சொல்லிருச்சு.

மரம் மேலே போகப் போக மெலியும். அடிமரத்துக்கு அளவாகப் பூட்டின கேபிள் மேலே போனதும் தொளதொளன்னு ஆயிடும். அப்போ தட்டோட முன்பக்கம் தொங்கும். உங்க உடம்பு சறுக்கு மரத்தில் உட்கார்ந்த மாதிரி முன்னாடி வழுக்கிக்கிட்டே இருக்கும். வழுக்காம இருக்க ரெண்டு காலையும் மூணு மணி நேரம் ஊன்றிப் பிடிச்சிருக்கீங்க, உங்களுக்கே தெரியாம. எந்தப் பஞ்சு போட்டாலும் இது தீராது.

கீழே பூட்டும்போதே தட்டோட முன்விளிம்பு நாலு விரல்கடை மேலே தூக்கி இருக்கட்டும். உச்சிக்குப் போனதும் மட்டமாகும். கணக்குத் தப்பினா இறங்கி வந்து மறுபடி பூட்டுங்க. மேலே உட்கார்ந்துக்கிட்டுக் கேபிளைக் கழற்றவே கூடாது.

மரத்தையும் மாத்துங்க. ஓக்கோனியில் லாப்லாலி பைனுக்கா பஞ்சம்? கம்பம் மாதிரி நேரா, ரொம்ப தூரம் கிளையில்லாம நிக்கும், சீக்கிரம் மெலியாது. பட்டை பொரபொரன்னு உதிர்ந்து சத்தம் போடும், பிசின் கையெல்லாம் ஒட்டும், ஆனா பிடி நல்லா இருக்கும். டியூலிப் பாப்ளரும் நல்லதுதான். பட்டை செதில் செதிலா உரியற ஹிக்கரி வேண்டாம். பட்ட மரத்தில் ஏறவே கூடாது.

எலும்பும்_தசையும்:

நான் பிசியோதெரபிஸ்ட், என் கணவர் வேட்டைக்குப் போகிறவர். மான்தடம் அண்ணா சொன்னது சரி. கூடவே இருக்கை உயரத்தையும் பாருங்கள். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் மேலே போய், எடை முழுக்கப் பிட்டத்தில் இறங்கி, இடுப்பு பின்னால் மடங்கிக் கீழ்முதுகு வலிக்கும். உயரம் மிஞ்சினால் முன்விளிம்பு தொடைக்கு அடியில் அறுக்கும். அங்கே நரம்பு அழுந்தினால்தான் பாதத்தில் எறும்பு ஊறும். வலை இருக்கை தொய்ந்துபோனால் இரண்டும் சேர்ந்தே நடக்கும்: நடுவில் பள்ளம், முன்னால் கம்பி.

பூட்ஸ் போட்டு நின்று, அடியிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். தட்டுக்கும் இருக்கைக்கும் இடையில் அந்த உயரம் வேண்டும். பின்பாக்கெட்டில் பர்ஸ், கத்தி எதுவும் வேண்டாம். அரை மணிக்கு ஒரு தடவை, பூட்ஸுக்குள்ளேயே கணுக்காலை மேலும் கீழும் இருபது முறை அசையுங்கள். மானுக்குத் தெரியாது.

கால் மரத்திருக்கும்போது தயவுசெய்து இறங்காதீர்கள். உணர்வு முழுக்கத் திரும்பும் வரை உட்கார்ந்தே இருங்கள். இவ்வளவு நாளும் உடம்பில் போடும் பாதுகாப்பு வாரின் கயிற்றை மரத்தில் எந்த உயரத்தில் கட்டினீர்கள்?

அல்ஃபரெட்டா_வில்:

அக்கா, வார் போட்டிருந்தேன். உட்காரும்போது தோளை இழுக்கிறது என்று கயிற்றை இடுப்பு மட்டத்தில் கட்டியிருந்தேன்.

மான்தடம்:

தம்பி, இதுக்குக் கோபப்படறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இடுப்பு மட்டத்தில் கட்டினா, விழும்போது கயிறு முறுக்கேறதுக்குள்ள நாலஞ்சு அடி கீழே போயிருப்பீங்க. தட்டுக்குக் கீழே தொங்கிட்டா திரும்ப ஏற முடியாது. கயிறு தலைக்கு மேலே இருக்கணும், உட்கார்ந்தா லேசா விறைச்சு நிக்கணும். அதில் ப்ரூசிக் முடிச்சு இருக்கும், கையால் தள்ளினா நகரும், எடை விழுந்தா இறுகிப் பிடிச்சுக்கும்; ஏற ஏறத் தள்ளிக்கிட்டே போகலாம். தரையை விட்டுக் கால் எடுத்த நிமிஷத்திலிருந்து திரும்ப இறங்கற வரைக்கும் அது மாட்டியே இருக்கணும்.

தொங்க நேர்ந்தா வார் தொடையை இறுக்கும், ரத்த ஓட்டம் தடைபட்டு மயக்கம் வரலாம். அதுக்குத்தான் காலை நுழைச்சு ஊன்றிக்க ஒரு வளையப் பட்டை கொடுக்கறாங்க. அதைப் பையில் போடாம பாக்கெட்டில் வைங்க.

மேல் பாதியையும் கீழ் பாதியையும் ஒரு கயிற்றால் இணைச்சிருக்கீங்களா? காலிலிருந்து தட்டு நழுவிக் கீழே போச்சுன்னா 20 அடியில் வெறும் இருக்கையோட நிப்பீங்க. வில்லைத் தோளில் மாட்டிக்கிட்டு ஏறாதீங்க, மேலே போய் உட்கார்ந்து கயிற்றில் இழுத்துக்கங்க.

பைன்காடு:

அண்ணா சொன்னதைப் பார்த்து நானும் என் இணைப்புக் கயிற்றை எடுத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் நைந்திருக்கிறது. இன்றைக்கே மாற்றுகிறேன்.

அல்ஃபரெட்டா_வில்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

முதலில் பழைய ஸ்டாண்டிலேயே சோதித்தேன். லாப்லாலி பைன், 17 அடி, முன்விளிம்பைத் தூக்கிப் பூட்டினேன். மேலே போனதும் பாட்டிலை வைத்தேன், நின்றது. நாலு மணி நேரம் தாங்கியது. முன்கம்பி மட்டும் அறுத்தது. வலை தொய்ந்துபோனதுதான் மீதிக் காரணம் என்று புரிந்தது. அதோடு கேபிள் உறை ஓரிடத்தில் வெடித்து உள்கம்பி தெரிந்தது, இனி அதில் ஏறுவதில்லை.

அப்புறம் கடைக்குக் குளிர் உடை, பூட்ஸோடு போனேன். ஒரு கம்பத்தில் மாட்டியிருந்த வைப்பரில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. தொங்கும் இருக்கையின் வாரைச் சரிசெய்து முழங்கால் மடிப்புக்குக் கொண்டுவந்தேன். வாங்கிவிட்டேன்.

நேற்று ஆறிலிருந்து பதினொன்று வரை இருந்தேன். கயிறு தலைக்கு மேல். பத்து மணிக்கு ஒரு பெண்மானும் இரண்டு குட்டிகளும் நேர் கீழே வந்து நின்றன, கூடவே கணுக்காலை ஆட்டிக்கொண்டிருந்தேன், ஒன்றும் நிமிரவில்லை. குட்டியோடு இருந்ததால் எய்யவில்லை. எழுந்து நின்று பார்த்தேன், இரண்டு காலும் இருந்தன. மனைவியிடம் கயிறு கட்டிய படத்தைக் காட்டினேன், அடுத்த சனிக்கிழமை போகலாம் என்றாள்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி: முன்கம்பியில் வில் இடிப்பதற்கு என்ன செய்வது?

மான்தடம்:

மரத்துக்குப் பக்கவாட்டில் இடது தோள் மான் வர்ற தடத்தைப் பார்க்கற மாதிரி ஸ்டாண்டைத் திருப்பிப் பூட்டுங்க. வலது கைக்காரர்தானே? வீட்டில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஸ்டாண்டை மாட்டி, வாரும் போட்டுக்கிட்டு, நின்னும் உட்கார்ந்தும் ஐம்பது அம்பு எய்து பாருங்க. எங்கே இடிக்குதுன்னு அங்கேயே தெரிஞ்சிரும்.