வேலை, வீடு தவிர மனதுக்கு ஒரு பிடிப்பு வேண்டும்

வணக்கம். சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து துவாஸுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறேன். வீட்டில் எல்லாரும் நலம். ஆனாலும் காலையில் எழுந்ததும், இன்று எதற்காக என்ற கேள்விதான் முதலில் வருகிறது. எதைத் தொடங்கினாலும் உற்சாகம் சீக்கிரமே வடிந்துவிடுகிறது.

40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குப் பயிற்சி வகுப்புகளில் சேர அரசு 2024 மே முதல் தரும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையும் அப்படியே இருக்கிறது. இன்னொரு சான்றிதழுக்காகப் படிக்க மனமில்லை. யாருக்காவது பயன்பட வேண்டும் என்றே ஆசை.

சிண்டாவிலோ (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) முதியோர் நிலையங்களிலோ தொண்டு செய்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள். ஆரம்ப வேகம் குறைந்த பிறகும் உங்களைத் தொடர்ந்து போகவைத்தது எது? வாரம் ஒரு முறை, அதுவும் நாள் மாறி மாறி வந்தால் ஏற்றுக்கொள்வார்களா? அப்புறம், தமிழ் மட்டுமே பேசும் பெரியவர்களோடு உட்கார்ந்து பேச ஆள் தேவைப்படும் இடம் தெரிந்தால் கட்டாயம் சொல்லுங்கள். என் மனம் அதில்தான் அதிகம் நிற்கிறது.