போராட்டக்காரர்கள் கட்சிக்குள் போனால் போராட்டம் என்னாகும்?

கேள்வி (வெள்ளவத்தை வாசகி):
2022 மே 18 அன்று, ஜனாதிபதி கோட்டாபயவைப் போகச்சொல்லிப் போராடியவர்கள் காலிமுகத்திடலில் போட்ட கூடாரங்களுக்கு நடுவே, 2009 போரில் இறந்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள், எனக்குப் பக்கத்தில் நின்ற சிங்களப் பிள்ளை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்ததை இன்னும் மறக்கவில்லை. 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில், அந்தப் போராட்டக்காரர் பலர் நம்பிய தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களை எடுத்தது. அன்று கேட்டவை எல்லாம், முக்கியமாகப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தை நீக்குவது, இப்போது யார் கையில்?

பதில் (கொட்டாஞ்சேனை):
தங்கச்சி, 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தாலை, அந்த நாடுதழுவிய வேலைநிறுத்தத்தைப் பாருங்கள். அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது, இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சி அழைத்தது, சனம் தெருவுக்கு வந்தது, மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடியது, ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அப்புறம் 1964-இல் அதே கட்சி பிரதமர் சிறிமாவின் அரசில் சேர்ந்தது. 1972 அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தபோது அதை வரைந்த அமைச்சர் அதே கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. மொழியுரிமைக்காக வாதாடிய மனிதர் அவர்! அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

பதில் (தெமட்டகொடை):
அண்ணை சொல்வது சரி, ஆனால் கட்சி இல்லாமலும் முடியாது. கோட்டாபய போனதும் நாடாளுமன்றம் ரணிலை ஜனாதிபதியாகத் தெரிவுசெய்தது, அவர் பதவியேற்ற மறுநாள் விடியுமுன் இராணுவம் கூடாரங்களை உடைத்தது. வாக்குப்போட்ட நாங்கள் தொழிற்சங்கத்தையும் மாணவர் அமைப்பையும் கட்சிக்கு வெளியே வைத்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
அப்படியென்றால் எங்கள் வட்டாரத்தில் மாதம் ஒருமுறை கூடலாமா? என் வீட்டு முன்னறையில் பத்துப்பேர் இருக்கலாம்.