ஆர்டி-11 எந்தக் கார்டோடு ஒத்துப்போகும், எதோடு முரண்டு பிடிக்கும்? கியூபஸ் அனுபவங்கள்

பழையபலகை:

டிஇசி நிறுவனத்தின் பிடிபி-11 கணினிகளுக்கான ஆர்டி-11 இயங்குதளத்தை நிஜ இரும்பில் ஏற்றும்போது வரும் சிக்கல்களை இங்கே போட்டு வைப்போம். எமுலேட்டர் கணக்கில் இல்லை, அதில் எல்லாமே ஓடும். எல்எஸ்ஐ-11 (11/03), 11/23, 11/73 போன்ற, கார்டுகளை கியூபஸ் என்ற பொதுப் பாதையில் (பஸ்) இணைக்கும் இயந்திரங்கள் மட்டும். கார்டின் எம் எண் (அதன் மாடல் எண்), மானிட்டர், அதாவது ஆர்டி-11-இன் கரு, எது (ஒரே வேலை ஓட்டும் எஸ்ஜே, முன்-பின் என இரு வேலை ஓட்டும் எஃப்பி, பெரிய நினைவகத்துக்கான எக்ஸ்எம்), திரையில் என்ன வந்தது, காரணம் என்ன, இவ்வளவு இருந்தால் போதும். முகவரிகள் எல்லாம் ஆக்டலில்.

பிள்ளையார் சுழியாக இது. 11/73 சிபியு (எம்8192), 1 எம்பி நினைவகம், ஆர்எக்ஸ்02 பிளாப்பிக்கு ஆர்எக்ஸ்வி21 கார்டு (எம்8029). எஃப்பி மானிட்டரில் எத்தனை நாள் ஓட்டினாலும் ஒரு குறை வராது. அதே பெட்டியில் எக்ஸ்எம்-ஐ பூட் செய்து, மேல் நினைவகத்தில் பஃபர் வைக்கும் நிரலை ஓட்டினால் கோப்புக்கு நடுவே குப்பை. சில சமயம் மானிட்டரே விழுந்துவிடும்.

பிளாப்பியும் நல்லது, டிரைவும் நல்லது. எம்8029 ஒரு 18 பிட் டிஎம்ஏ கார்டு (சிபியு உதவியின்றித் தானே நினைவகத்தில் எழுதும்). அதால் 256 கேபி வரைதான் முகவரி சொல்ல முடியும். பஃபர் 1234000-இல் இருந்தால், கார்டு பஸ்ஸில் வைப்பது 0234000. மேல் நான்கு பிட்டுகளை அது தொடுவதே இல்லை, தொடாத கம்பி சுழியம். தரவு 256 கேபி-க்குக் கீழே வேறு யாருடைய இடத்திலோ போய் உட்காரும். தப்பு நடந்தது கார்டுக்குத் தெரியாது. ஹேண்ட்லர் (சாதனத்தை இயக்கும் நிரல்) முன்கூட்டியே தடுத்தால் ஒழிய பிழைச் செய்தியும் வராது.

எஃப்பி தப்பிப்பதற்குக் காரணம், எஸ்ஜே-யும் எஃப்பி-யும் நினைவக மேலாண்மையைத் தொடுவதில்லை. மானிட்டர், நிரல், பஃபர் எல்லாம் கீழ் 56 கேபி-க்குள். அங்கே 18 பிட்டே அதிகம். ஆகவே "எஃப்பி-யில் ஓடுகிறது, கார்டு பொருந்துகிறது" என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்ப வேண்டும். எக்ஸ்எம் கட்டாயம் வேண்டுமென்றால் நினைவகத்தை 256 கேபி-யோடு நிறுத்துங்கள், அல்லது 22 பிட் கன்ட்ரோலருக்கு மாறுங்கள். ஆர்எல்02 டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்: ஆர்எல்வி11 (எம்8013, எம்8014 ஜோடி) 18 பிட். ஆர்எல்வி12 (எம்8061) 22 பிட், மேல் முகவரிக்கு அதில் 174410 என்று தனி ரெஜிஸ்டரே உண்டு.

காலிஸ்லாட்:

கார்டைக் குறை சொல்லும் முன் பேக்பிளேனை (கார்டுகள் செருகும் பலகை) பாருங்கள். எச்9273-இல் 18 முகவரிக் கம்பிதான். அதில் 22 பிட் கார்டுகளை நிரப்பினாலும் பயனில்லை. வரிசை பி-யில் பிசி1, பிடி1, பிஇ1, பிஎஃப்1 ஆகிய நான்கு முனைகளை ஒன்பது ஸ்லாட்டுக்கும் வயர்-ராப் செய்து இழுக்கலாம். ஒரு கம்பிக்கு எட்டு இணைப்பு, மொத்தம் 32. ஆனால் பழைய கார்டுகள் சில இந்த நான்கு முனைகளையும் வேறு வேலைக்குப் பயன்படுத்தின. கம்பி இழுத்த பிறகு எந்தக் கார்டைச் செருகினாலும் அந்த முனைகளில் என்ன இருக்கிறது என்று சர்க்யூட் படத்தில் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

இதைவிட அடிக்கடி மாட்டுவது கிராண்ட் சங்கிலி, அதாவது சிபியு தரும் அனுமதி ஸ்லாட் ஸ்லாட்டாகக் கடந்து போகும் வரிசை. இன்டரப்ட் கிராண்ட் ஏஎம்2-இல் நுழைந்து ஏஎன்2-இல் வெளியேறும். டிஎம்ஏ கிராண்ட் ஏஆர்2-இல் நுழைந்து ஏஎஸ்2-இல் வெளியேறும். நடுவில் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் அதற்கு அப்பால் உள்ள கார்டுகளுக்கு எதுவும் போய்ச் சேராது. ஆனால் ரெஜிஸ்டர்கள் ஓடிடி-யில் (சிபியு-வோடு நேரடியாகப் பேசும் கன்சோல்) ஒழுங்காகப் படிக்கும்! அதனால்தான் கார்டு நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துபோகிறோம்.

அறிகுறியை வைத்தே எந்தக் கிராண்ட் அறுந்தது என்று சொல்லலாம். ஆர்எல்வி12 போன்ற டிஎம்ஏ கார்டு என்றால் முதல் பிளாக்கே வராது. ஆர்எக்ஸ்01-க்கான ஆர்எக்ஸ்வி11 (எம்7946) டிஎம்ஏ செய்வதில்லை, சிபியு-வே பைட் பைட்டாக எடுக்கிறது. பூட் கட்டம் இன்டரப்ட் இல்லாமல் போலிங்கில் ஓடுவதால் அது ஏறிவிடும். மானிட்டர் இன்டரப்டை எதிர்பார்க்கத் தொடங்கும் இடத்தில் கப்சிப். புள்ளி பிராம்ட் வராது.

காலி இடத்தில் எம்9047 கிராண்ட் கார்டு போடுங்கள், அல்லது கார்டுகளை நெருக்கி வையுங்கள். நெருக்கும்போது பேக்பிளேன் வகை முக்கியம். எச்9270, எச்9275 இரண்டிலும் சங்கிலி பாம்பு மாதிரி வளைந்து போகும்: முதல் வரிசையில் ஏபி, பிறகு சிடி, இரண்டாம் வரிசையில் சிடி, பிறகு ஏபி. எச்9273, எச்9276 இரண்டிலும் ஏபி பக்கம் மட்டும் நேராகக் கீழே. சிடி பக்கம் பஸ்ஸே கிடையாது, அடுத்தடுத்த ஸ்லாட்டுகளுக்கு இடையேயான தனி இணைப்பு மட்டும். ஆர்எல்வி11 ஜோடிக்கு அந்த சிடி இணைப்பு வேண்டும் என்பதால் பாம்பு வகைப் பெட்டியில் அது வேலைக்கு ஆகாது. ஆர்கியூடிஎக்ஸ்1 டிஸ்க் கார்டு (எம்8639) இருந்தால் அது சங்கிலியின் கடைசியில்தான் இருக்க வேண்டும், கிராண்டை அப்பால் அனுப்பாது.

ஆக்டல்வாசி:

சாதனம் எல்லாம் சரி, நிரல்தான் விழுகிறது என்பவர்களுக்கு. ?எம்ஓஎன்-எஃப்-டிராப் டு 4, ?எம்ஓஎன்-எஃப்-டிராப் டு 10, இந்த இரண்டு டிராப் (பிழைப் பொறி) செய்திகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 4 என்றால் பஸ்ஸில் பதில் இல்லை அல்லது (11/73-இல்) ஒற்றைப்படை முகவரி. 10 என்றால் சிபியு-வுக்குத் தெரியாத கட்டளை.

11/03-இல் ஃபோர்ட்ரானில் கட்டிய நிரலை 11/73-க்குக் கொண்டுபோனால் டிராப் டு 10 வருவது சகஜம். செய்தியோடு வரும் முகவரியிலிருந்து 2 கழித்து, இ கட்டளையால் அந்த இடத்தைப் பாருங்கள். 075000 முதல் 075037-க்குள் ஒரு எண் இருந்தால் அது எஃப்ஐஎஸ் கட்டளை. எல்எஸ்ஐ-11-இல் கேஇவி11 சிப் போட்டால் கிடைக்கும் நான்கு மிதவைப்புள்ளி (தசம எண்) கணக்குகள் அவை. 11/23-க்கும் 11/73-க்கும் எஃப்ஐஎஸ் கிடையவே கிடையாது, அவற்றுக்கு எஃப்பி11 வகைக் கட்டளைகள். பேட்ச் போட்டு ஒப்பேற்ற முடியாது. எஃப்பியு-வுக்கு (மிதவைக் கணக்கு வன்பொருள்) உரிய ஓடிஎஸ் (ஃபோர்ட்ரான் துணைநிரல்) லைப்ரரியோடு மறுபடி லிங்க் செய்வதுதான் வழி. 11/23 என்றால் கேஇஎஃப்11 சிப் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது நினைவக மேலாண்மை செய்யும் எம்எம்யு சிப் (கேடிஎஃப்11) இல்லாமல் ஓடாது, மிதவை ரெஜிஸ்டர்கள் குடியிருப்பது எம்எம்யு சிப்பில்.

எதிர்த்திசையில் வேறு சிக்கல். யூனிபஸ் (கியூபஸுக்கு முந்தைய பஸ்) காலத்து மேக்ரோ நிரல்கள் பிஎஸ்டபிள்யூ-வை (சிபியு-வின் நிலைச் சொல்) 177776 என்ற முகவரியில் நேரடியாக எழுதும். 11/03-இல் அந்த முகவரியே இல்லை, உடனே டிராப் டு 4. மூலநிரல் கையில் இல்லாவிட்டாலும் இதைப் பேட்ச் செய்ய முடியும், ஏனென்றால் அளவு சரியாகப் பொருந்துகிறது:

052737 000340 177776 என்ற மூன்று சொற்களை 106427 000340 000240 ஆக்குங்கள்.
005037 177776 என்ற இரண்டு சொற்களை 106427 000000 ஆக்குங்கள்.

106427 என்பது எம்டிபிஎஸ் (பிஎஸ்டபிள்யூ-வை மாற்றும் கட்டளை), 240 என்பது நாப் (ஒன்றும் செய்யாத கட்டளை). பேட்ச் செய்த பிரதியை 11/40, 11/45 பக்கம் கொண்டுபோகாதீர்கள், அவற்றுக்கு எம்டிபிஎஸ் தெரியாது. மூலநிரல் இருக்கிறதென்றால் ஆர்டி-11-இன் .எம்டிபிஎஸ் மேக்ரோவையே போடுங்கள், எல்லா இடத்திலும் ஓடும்.

எட்டங்குலம்:

அமெரிக்காவிலிருந்து பெட்டி வரவழைத்தவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அது சென்னையானாலும் கொழும்பானாலும் சிங்கப்பூரானாலும்.

ஆர்எக்ஸ்01, ஆர்எக்ஸ்02 இரண்டிலும் சுழல் மோட்டார் ஏசி. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 115 வோல்ட் கொடுத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. 60 ஹெர்ட்ஸ் புல்லி போட்ட டிரைவ் நம் ஊரில் நிமிடத்துக்கு 360 சுற்றுக்குப் பதில் 300 சுற்றும். எங்கிருந்தோ வந்த பிளாப்பி ஒன்றுகூடப் படிக்காது. மோட்டார் புல்லியையும் பெல்ட்டையும் 50 ஹெர்ட்ஸ் வகைக்கு மாற்ற வேண்டும்.

இன்னொன்று கடிகாரம். ஆர்டி-11 நொடிக்கு 60 டிக் என்று எண்ணும். 50 வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 10 நிமிடம் பின்தங்கும். சிஸ்ஜென் (மானிட்டரை நாமே கட்டுவது) செய்தால் 50 ஹெர்ட்ஸ் என்று சொல்லிவிடலாம். தயார் மானிட்டரில் ஆர்மான் (நினைவகத்தில் தங்கும் மானிட்டர் பகுதி) ஆஃப்செட் 300-இல் உள்ள கான்ஃபிக் சொல்லில் 40 பிட்டை ஏற்ற வேண்டும்.

புது எட்டங்குலத் தட்டு பற்றி ஒரு வார்த்தை. ஆர்எக்ஸ்02-ஆல் வெற்றுத் தட்டை ஃபார்மட் செய்ய முடியாது. செக்டர் தலைப்பை அது எழுதுவதில்லை, தரவின் அடர்த்தியை மட்டும் மாற்றும். முதலில் வேறு எங்காவது 77 டிராக், 26 செக்டர், 128 பைட் என்ற ஐபிஎம் ஒற்றை அடர்த்தி ஃபார்மட் செய்து கொண்டுவாருங்கள். அதன்பிறகுதான் ஆர்டி-11-இன் ஃபார்மட் கட்டளை உதவும். ஆர்எல்02 தட்டு இன்னும் மோசம்: சர்வோ தகவல் தொழிற்சாலையில் எழுதியது, பல்க் இரேசரைக் காட்டினால் தட்டு அத்தோடு காலி.

தொடர்முனை:

டிஒய் (ஆர்எக்ஸ்02), டிஎக்ஸ் (ஆர்எக்ஸ்01) ஹேண்ட்லர் இரண்டுக்கும் சிஎஸ்ஆர் (கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்) 177170, வெக்டர் 264 என்று ஒரே எண்கள். கார்டை மாற்றினால் பூட் பிளாக்கையும் காப்பி/பூட் மூலம் மறுபடி எழுத வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிளாப்பியே இல்லாதவர்கள் டியு58 (சீரியல் டேப் டிரைவ்) எமுலேட்டர் வழியாக ஏற்றலாம். டிஎல்வி11-ஜே (எம்8043) கார்டின் 0-ஆம் சேனல் 176500, வெக்டர் 300. டிடி ஹேண்ட்லர் எதிர்பார்ப்பதும் அதுவே, ஒன்றும் மாற்ற வேண்டாம். 10 முனை இணைப்பியில் 3 அனுப்புவது, 8 வாங்குவது, 2 தரை. 7-ஐயும் தரையோடு சேர்க்க வேண்டும், அதை விட்டால் வாங்கும் பக்கம் ஊமை அல்லது குப்பை. 10-ஆம் முனையில் 12 வோல்ட் இருக்கிறது, சீரியல் கேபிள் பக்கம் அதை இழுக்காதீர்கள். ஒரு டேப் 512 பிளாக். 38400 பாடில் முழுதாக நகர்த்த 68 விநாடிக்குக் குறையாது, 9600 என்றால் நாலரை நிமிடம்.

பூட் நிரலை ஓடிடி-யில் கையால் அடிக்கிறவர்கள் பிஎஸ்-ஐ (பிஎஸ்டபிள்யூ) 340 ஆக்கிவிட்டு ஓட்டுங்கள். முன்பக்கத்தில் எல்டிசி (கடிகார) ஸ்விட்ச் மேலே இருந்தால் வெக்டர் 100-இல் குப்பை இருக்கும்போதே கடிகார இன்டரப்ட் வந்து விழும். பூட் ஆன பிறகு டைம் கட்டளை ஒரே நேரத்தையே காட்டினால் அதே ஸ்விட்ச் கீழே இருக்கிறது என்று அர்த்தம்.

காலிஸ்லாட்:

ஆர்டி54 ஹார்ட் டிஸ்க் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆர்டி-11-க்கு ஒரு தொகுதி என்பது அதிகபட்சம் 65,535 பிளாக், சுமார் 32 எம்பி. ஆர்டி54-இல் 311,200 பிளாக். டியூ ஹேண்ட்லர் அதை 65,536 பிளாக் துண்டுகளாக வெட்டும்: நான்கு முழுத் துண்டு, ஐந்தாவது 49,056.

செட் டியூ1 யூனிட்=0 பார்ட்=1 என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டியூ1 என்பது இரண்டாவது டிரைவ். கவனம் வேண்டிய இடம் இங்கேதான். எஃப்பி-யில் கொடுத்த செட், டியூ.எஸ்ஒய்எஸ் கோப்பில் பதியும். எக்ஸ்எம் படிப்பது டியூஎக்ஸ்.எஸ்ஒய்எஸ். அங்கே மறுபடி எல்லா செட்டும் கொடுக்க வேண்டும். கொடுத்ததாக நினைத்துக்கொண்டு இனிஷியலைஸ் அடித்தால் அழிவது வேறு துண்டாக இருக்கலாம். அடிக்கும் முன் டிர் போட்டுப் பாருங்கள்.

ஆர்கியூடிஎக்ஸ்1, 2-இல் ஃபார்மட் செய்த டிஸ்க்கை ஆர்கியூடிஎக்ஸ்3 (எம்7555) ஏற்காது. எக்ஸ்எக்ஸ்டிபி-யை (டிஇசி-யின் சோதனை நிரல் தொகுப்பு) பூட் செய்து அதில் உள்ள ஃபார்மட் நிரலால் திரும்ப ஃபார்மட் செய்ய வேண்டும். ஆர்டி-11-இன் இனிஷியலைஸ் வெறும் டைரக்டரியை எழுதுவதோடு சரி.

பழையபலகை:

ஆர்டி-11 வி4 வைத்துக்கொண்டு எம்7555 ஏன் தெரியவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் இது: வி4 வந்தது 1980-இல், அதில் டியூ ஹேண்ட்லரே கிடையாது. வி5-க்குப் போங்கள். டியூ இருந்தும் ஷோ டிவைசஸில் நிறுவப்பட்டதாக வரவில்லை என்றால் ஓடிடி-யில் 172150-ஐத் திறந்து பாருங்கள். கேள்விக்குறி வந்தால் கார்டின் முகவரி ஜம்பர் மாறியிருக்கிறது. பூட் ஆகும்போது ஹேண்ட்லர் அந்த முகவரியைத் தட்டிப் பார்க்கும், பதில் இல்லையென்றால் தன்னை நிறுவிக்கொள்ளாமல் சத்தமில்லாமல் விலகிவிடும்.